பாதியில் நிற்கும் கீட்டோன்

இம்முறை மூன்று கேள்விகளும் மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை.

கேள்வி: அப்பா சாப்பிடும் கொழுப்பு மாத்திரையில் ‘அட்டோர்வாஸ்டாட்டின்’ என்று போட்டிருக்கிறது. இதைத் தயாரிக்க நொதியைப் பயன்படுத்துகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். அந்த மூலக்கூறின் பக்கச்சங்கிலியில் இரண்டு ஆல்கஹால் குழுக்கள் உண்டு. இரண்டும் சரியான பக்கம் திரும்பியிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். இந்த ஆல்கஹால் குழு, கீட்டோனை (கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் உள்ள பொருளை) ஒடுக்கினால், அதாவது ஹைட்ரஜன் ஏற்றினால் கிடைக்கும். சாதாரண வேதிப்பொருளால் ஒடுக்கினால் இடம், வலம் இரண்டும் சரிபாதியாக வரும். நொதி ஒரு பக்கத்தை மட்டும் தரும். இந்த மருந்தின் ஓர் இடைப்பொருளை நொதிகளைக் கொண்டு தயாரித்ததற்காகக் கோடெக்சிஸ் நிறுவனம் 2006-இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. எல்லாத் தயாரிப்பாளர்களும் இதே வழியில் போவதில்லை. எந்த வழியானாலும் மருந்து ஒன்றே, அப்பா தயங்காமல் சாப்பிடலாம்.

கேள்வி: பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக, லாக்டோபாசில்லஸ் பிரெவிஸ் பாக்டீரியாவின் நொதியால் அசெட்டோபீனோன் என்ற கீட்டோனை 1-பினைல்எத்தனால் என்ற ஆல்கஹாலாக ஆக்குகிறேன். பி.எச். 7-இல் 50 மில்லிமோலார் பாஸ்பேட் கரைசல் 100 மி.லி., கீட்டோன் 0.48 கிராம், குளுக்கோஸ் 1 கிராம், ஹைட்ரஜனைச் சுமக்கும் துணைநொதியான என்.ஏ.டி.பி. 8 மி.கி., கூடவே அதைப் புதுப்பிக்கும் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் நொதி, வெப்பம் 30 டிகிரி. ஒவ்வொரு முறையும் பாதிக்குமேல் நகர மாட்டேன் என்கிறது. நொதி கெட்டுவிட்டதா?

பதில்: நொதியைக் குறை சொல்லுமுன் பி.எச். மீட்டரைப் பாருங்கள். நீங்கள் போட்ட கீட்டோன் 4 மில்லிமோல். ஒவ்வொரு மூலக்கூறு ஒடுங்கும்போதும் என்.ஏ.டி.பி.எச். (ஹைட்ரஜன் ஏற்றிய என்.ஏ.டி.பி.) ஒன்று செலவாகிறது, அதைப் புதுப்பிக்கக் குளுக்கோஸ் ஒன்று போகிறது. அந்தக் குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாக முடிகிறது. ஆக மொத்தம் 4 மில்லிமோல் அமிலம் உருவாக வேண்டும். உங்கள் பாஸ்பேட்டோ ஏறத்தாழ இரண்டரை மில்லிமோலைத்தான் தாங்கும். பாதி வேலை முடிந்ததுமே பி.எச். 6-ஐத் தொட்டு, அதற்குக் கீழேயும் சரிகிறது. குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸுக்கு 8 பக்கம்தான் பிடிக்கும், 6-இல் சோர்ந்துவிடும். போதாக்குறைக்கு, என்.ஏ.டி.பி.எச். அமிலத்தில் சீக்கிரம் சிதையும். பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 6.8-க்கும் 7.2-க்கும் இடையில் வைத்திருங்கள். நன்றாகக் கலக்கிக்கொண்டே விட வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் காரம் தேங்கினால் நொதி திரிந்து வெள்ளையாக மிதக்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. காரம் 1 மி.லி. செலவானால் சுமார் 1 மில்லிமோல் கீட்டோன் ஒடுங்கியிருக்கிறது, 4 மி.லி. ஆனதும் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். சுத்திகரிக்காத செல் சாறு என்றால் கணக்கு கொஞ்சம் கூடும், ஆகவே கேஸ் குரோமட்டோகிராபியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால், நின்றுபோன கலவையில் 1 மி.லி. வீதம் மூன்று குழாய்களில் எடுங்கள். ஒன்றில் புதிய என்.ஏ.டி.பி., இன்னொன்றில் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ், மூன்றாவதில் பிரெவிஸ் நொதி. எது மறுபடி ஓடுகிறதோ அதுதான் தீர்ந்துபோன பொருள். பிரெவிஸ் நொதிக்கு மெக்னீசியம் கட்டாயம் வேண்டும். 100 மி.லி.க்கு மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 20 மி.கி. போதும். செல்லை உடைத்த கரைசலில் ஈ.டி.டி.ஏ. இருந்தால் அது மெக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், நொதி செத்ததுபோல் கிடக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

நம் ஊர் ஈரக்காற்றையும் கணக்கில் எடுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த நொதிப்பொடி, என்.ஏ.டி.பி. புட்டிகளை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள். இல்லையேல் உள்ளே நீர் கோத்துப் பொடி கட்டிதட்டிவிடும், அடுத்த முறை பாதி வீரியம்கூட இருக்காது. நொதிக் கரைசலில் பாதி கிளிசரால் சேர்த்தால் மைனஸ் 20-இலும் உறையாது, உறைந்து உருகும் சேதமும் வராது.

முடிந்ததும் உப்பைக் கரைத்து நிறைத்து, எத்தில் அசிடேட் 50 மி.லி. வீதம் மூன்று முறை பிரித்தெடுங்கள். நடுவில் புரதம் பாலாடைபோல் நின்றால் குலுக்கிப் பயனில்லை, செலைட் என்ற வடிகட்டும் தூள் வழியாக வடிகட்டுங்கள். முழுமையாக மாறினால் கிடைக்கக்கூடியது 0.49 கிராம்.

கேள்வி: பிரெவிஸ் நொதி அசெட்டோபீனோனிலிருந்து ‘ஆர்’ வடிவ ஆல்கஹாலைத் தருகிறது (‘ஆர்’, ‘எஸ்’ என்பவை இட, வல வடிவங்களின் பெயர்கள்). வளையத்தில் அல்லாமல் மெத்தில் கார்பனில் குளோரின் உள்ள 2-குளோரோஅசெட்டோபீனோனைப் போட்டால் ‘எஸ்’ என்கிறார்கள். நொதி பக்கம் மாறிவிட்டதா?

பதில்: மாறவில்லை. ஹைட்ரஜன் அதே பக்கத்திலிருந்துதான் வந்து சேர்கிறது. மெத்தில் இருந்த இடத்தில் குளோரின் ஏந்திய கார்பன் வந்ததும், ‘ஆர்’, ‘எஸ்’ பெயரிடும் முன்னுரிமை விதியில் அது பினைல் வளையத்தை முந்திவிடுகிறது. அதனால் பெயர் மட்டும் ‘எஸ்’ ஆகிறது. உண்மையிலேயே மறுபக்கம் வேண்டுமென்றால் ரோடோகாக்கஸ் ரூபர் பாக்டீரியாவின் ஏ.டி.எச்.-ஏ நொதியை எடுங்கள். அசெட்டோபீனோனிலிருந்து அது ‘எஸ்’ ஆல்கஹாலைத் தரும், அதற்கு வேண்டியது என்.ஏ.டி.பி.எச். போன்ற இன்னொரு துணைநொதியான என்.ஏ.டி.எச். அதிக அளவு ஐசோபுரொப்பனாலையும் அது தாங்கும். எனவே குளுக்கோஸும் இரண்டாவது நொதியும் தேவைப்படாது, ஐசோபுரொப்பனாலே அசெட்டோனாக மாறித் துணைநொதியைப் புதுப்பித்துவிடும். ஆனால் அது சமநிலை வினை. அசெட்டோன் சேரச் சேர வேகம் குறைந்து, கடைசியில் நின்றுவிடும். ஐசோபுரொப்பனாலைத் தாராளமாக விடுங்கள், அல்லது மெல்லிய வெற்றிடத்தில் அசெட்டோனை அவ்வப்போது இழுத்துவிட்டு, கூடவே ஆவியாகிப்போன ஐசோபுரொப்பனாலை மறுபடி நிரப்புங்கள்.