வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6 வயது. வரும் கல்வியாண்டு முதல் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். எந்தப் பாடத்திட்டத்தை வாங்குவது, காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரையிலான நேரத்தை இருவருக்கும் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் குழப்பம். பகலில் எங்களில் ஒருவர் மட்டுமே வீட்டில் இருப்போம். ஆலோசனை கூறுங்கள்.

பதில்: பாடத்திட்டமும் கால அட்டவணையும் சற்றுக் காத்திருக்கட்டும். நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இது நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அரிதான விதிவிலக்குகள் தவிர வீட்டுக்கல்விக்கு அங்கே இடமில்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று கூறி, அதைப் பள்ளி மூலமாகவோ வேறு வகையிலோ நிறைவேற்ற இடமளிக்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனால் சில மாநிலங்களில் அரசுக்குத் தெரிவிக்கவே வேண்டியதில்லை, வேறு சிலவற்றில் ஆண்டுதோறும் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் குறிப்பிடவில்லை.

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது பொதுத்தேர்வு. பள்ளியில் சேராதவர்கள் தனித்தேர்வராக எழுத எந்தத் தேர்வு வாரியம் அனுமதிக்கிறது, குறைந்தபட்ச வயது என்ன, செய்முறைத் தேர்வை எங்கே எழுதுவது ஆகியவற்றை இப்போதே எழுதி வையுங்கள். எடுத்துக்காட்டாக, இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் பத்தாம் வகுப்புப் படிப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் 5 ஆண்டுகள் இருப்பதால் அவசரமில்லை, ஆனால் வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே போகக் கூடாது.

இனி நேரத்துக்கு வருகிறேன். காலை 9 முதல் மாலை 3 வரை என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பள்ளி நாளில் ஒரு பகுதி வருகைப்பதிவிலும், வகுப்பு மாறுவதிலும், மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதிலும் கழிகிறது. வீட்டில் அவை எதுவும் இல்லை. கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் கற்ற பெரும்பாலோரை விட மிக உயர்ந்த நிலையை எட்டியதாகக் குறிப்பிட்டார். பிந்தைய ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை என்றாலும், தனிக்கவனத்துக்குப் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆகவே 6 வயது மகனுக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், 9 வயது மகளுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரமும் தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

பள்ளியை விட்ட முதல் சில வாரங்களில் அதைக்கூட வற்புறுத்த வேண்டாம். மணியடித்தால் எழுவதும் சொன்னால் எழுதுவதுமாகப் பழகிய பிள்ளை, ஒன்றும் செய்யாமல் சலித்துப்போவதைப் பார்த்தால் பெற்றோருக்குப் பதற்றம் வரும். அந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது கவனிப்பதுதான்: மகள் எதைத் தானாக எடுத்துப் படிக்கிறாள், மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறான், எந்த நேரத்தில் இருவரும் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள். பள்ளியில் நாலாம் வகுப்பு என்பதால் எல்லாப் பாடங்களிலும் அவள் நாலாம் வகுப்பு நிலையில்தான் இருப்பாள் என்பதில்லை. வாசிப்பில் ஓர் ஆண்டு முன்னேயும் கணக்கில் ஓர் ஆண்டு பின்னேயும் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளாமல் முழுத் தொகுப்பாகப் பாடத்திட்டம் வாங்கினால் பாதி வீணாகும்.

வாசிப்பையும் கணக்கையும் மட்டும் தினமும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நடத்துங்கள். அறிவியல், வரலாறு போன்றவற்றை இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லித்தரலாம். மகன் படம் வரையட்டும், மகள் பத்து வரிகள் எழுதட்டும். காலையில் மகனுடன் நீங்கள் அமர்ந்திருக்கும்போது மகள் தானே செய்யக்கூடிய வேலையை அவளிடம் கொடுத்துவிட்டால், வீட்டில் ஒருவரே இருப்பது பெரிய தடையாகாது.

கணக்கில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவு அன்று. ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 8 போகாது என்பதால் 8இலிருந்து 2ஐக் கழித்து 6 என்றும், பத்தாம் இடத்தில் 5இலிருந்து 3ஐக் கழித்து 2 என்றும் போட்டிருக்கிறார்கள், அதாவது ஒரு தவறான விதியைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறார்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் இதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுவதோடு முடிந்துவிடக்கூடும். நீங்களோ "இதை எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்டு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் எடுத்து வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துப் பன்னிரண்டு உதிரிகளாக்கி, 14 எப்படி வருகிறது என்பதை அவள் கையாலேயே காணச் செய்யலாம். வீட்டுக்கல்வியின் உண்மையான ஆதாயம் இதுதான். விலை உயர்ந்த தொகுப்புகள் எதுவும் இதைத் தருவதில்லை.

சொல்லித்தந்ததை மறுநாளே மறந்துவிட்டால் கோபப்பட வேண்டாம். மறதி தொடக்கத்தில் மிக வேகமாக நிகழ்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே பதிவு செய்திருக்கிறார். புதிய பாடத்துக்கு முன் நேற்றையதில் ஒரு கணக்கும் சென்ற வாரத்ததில் ஒரு கணக்கும் புத்தகத்தைப் பார்க்காமல் போடச் சொல்வது, பரீட்சைக்கு முதல் நாள் மொத்தமாகத் திருப்பிப் பார்ப்பதை விட நீடித்த பயன் தரும்.

மாதத்துக்கு ஒரு பக்கக் குறிப்பும், தேதியிட்ட சில எழுத்துப் பயிற்சிகளும் ஒரு கோப்பில் இருக்கட்டும். அதிகாரிகள் கேட்டாலும், பிள்ளைகள் மீண்டும் பள்ளியில் சேர்ந்தாலும் உதவும். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் துணை என்று எண்ணி வெளிநட்பைக் குறைத்துவிடாதீர்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அதே பிள்ளைகளைச் சந்திக்கும் விளையாட்டோ கலை வகுப்போ இருவருக்கும் அவசியம்.

உங்கள் கேள்வியில் மகளின் விருப்பம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்கு ஆண்டுகளாவது பள்ளியில் பழகிய 9 வயதுப் பிள்ளைக்கு அங்கே தோழிகள் இருப்பார்கள், பிடித்த ஆசிரியர் இருப்பார். அவளிடம் கேளுங்கள், பள்ளிக்குப் போகத்தான் வேண்டும் என்று அவள் சொன்னால், இந்த ஆண்டு மகனிடமிருந்து மட்டும் தொடங்குங்கள். அவள் சம்மதித்தாலும், மறுசேர்க்கைக்கான விதிகளைப் பள்ளியிடம் எழுத்தில் பெற்ற பிறகே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.