பேஸ்பால் மைதானத்தில் எதற்குச் சிரிக்கிறார்கள்?

தம்பி, அமெரிக்காவில் மில்வாக்கிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். வாடகை, ஓட்டுநர் உரிமம், குளிருக்கு எந்த ஜாக்கெட் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "ஆபீஸில் பேஸ்பாலுக்குக் கூப்பிடுகிறார்கள், அதைப் பேசினாலே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, போகத்தான் வேண்டுமா" என்று. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டாயம் போங்கள்.

நான் வந்தது 1998இல். முதல் கோடையிலேயே ஆபீஸ் ஆட்கள் அழைத்துப் போனார்கள். அடிபட்ட பந்து ஒன்று எங்கள் பக்கம் பறந்து வந்தது. கையில் பட்டு நழுவியது. சுற்றியிருந்த அத்தனை பேரும் 'பூ' என்று கத்திச் சிரித்தார்கள். நம் நிறத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று மனம் நொந்துபோனேன். ஒரு வருடம் யார் கூப்பிட்டும் போகவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வற்புறுத்தி அழைத்துப் போன அன்று, முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரரும் அதே மாதிரி பந்தை விட்டார். அவருக்கும் அதே கத்தல். அவர் எழுந்து எல்லோருக்கும் குனிந்து வணக்கம் போட்டார். உடனே கைதட்டல். எனக்குத் தொண்டை அடைத்தது. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: அங்கே கேலி செய்தால் முகம் வாடாதீர்கள், உங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். நிஜமான வசவு வேறு, அது காதில் விழுந்தாலே தெரிந்துவிடும்.

சிரிப்புக்குக் காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஒழுங்காக அடித்தால் அவர் பெரிய ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பது சாதாரணம். நம் கிரிக்கெட்டில் அவுட்டானால் பெவிலியனில் உட்கார்ந்து குமைய வேண்டியதுதான். இங்கே கொஞ்ச நேரத்தில் மறுபடி மட்டையோடு வருவார். இன்று தோற்றால் நாளையே அடுத்த மேட்ச், ஒரு சீசனுக்கு 162. இவ்வளவு தோல்வியைச் சிரிக்காமல் சுமக்க முடியாது. பந்துக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளியும் உண்டு, அந்த நேரமெல்லாம் கதைதான்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் பாப் யூக்கர். இந்த ஊர்க்காரர். 1962 முதல் 1967 வரை கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஆடினார். பத்துக்கு இரண்டு என்ற சராசரி, மொத்தமே 14 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). 1971இலிருந்து 2024 வரை இந்த ஊர் ப்ரூவர்ஸ் அணிக்கு ரேடியோ வர்ணனை சொன்னார். 'நக்கில்பால்' என்று ஒரு வகைப் பந்துவீச்சு உண்டு. சுழலாமல் வரும், அதனால் காற்றில் எந்தப் பக்கம் ஆடும் என்று கேட்சருக்கே தெரியாது. அதைப் பிடிக்க யூக்கர் சொன்ன வழி: உருண்டு நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1967இல் ஃபில் நீக்ரோ என்ற பிட்சரின் (பந்து வீசுபவரின்) நக்கில்பாலைப் பிடிக்கத் திணறி, லீகிலேயே அதிகமாகப் பந்துகளைத் தவறவிட்டவர் அவர். பட்ட பாட்டைத்தான் அப்படிச் சொன்னார். வேலை முடிந்து வரும்போது காரில் அவர் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் பிடிபட்டது. எந்த வகுப்புக்கும் நான் போனதில்லை.

உருளைக்கிழங்குக் கதையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1987 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில், கீழ்நிலை லீக் மேட்ச் ஒன்று. டேவ் ப்ரெஸ்னஹன் என்ற கேட்சர் தோல் சீவிய உருளைக்கிழங்கை மூன்றாம் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடுபவர் நிற்கும் கடைசி இடம்) மேலே வேண்டுமென்றே எறிந்தார். பந்துதான் போய்விட்டது என்று அங்கே நின்ற எதிரணி ஆட்டக்காரர் ரன் எடுக்க ஓடிவர, நிஜப் பந்தோடு கேட்சர் காத்திருந்தார். நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை, ரன்னைக் கொடுத்துவிட்டார். ப்ரெஸ்னஹனுக்கு வேலையும் போயிற்று. ஆனால் அடுத்த வருடமே அதே அணி அவரை அழைத்து, அவருடைய சட்டை எண் இனி யாருக்கும் கிடையாது என்று மரியாதை செய்தது. அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

செய்யக்கூடாததும் உண்டு. "கிரிக்கெட்தான் இதற்கு அப்பன்" என்று ஆரம்பிக்காதீர்கள். எதிரணி ஒரு ஹிட்கூட அடிக்காமல் நம் பிட்சர் போட்டுக்கொண்டிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், கண் பட்டுவிடும் என்று நம் பாட்டிகளைப் போலவே நம்புகிறார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் தொத்திறைச்சி வேஷம் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், அப்போது போனை நோண்டாமல் ஏதாவது ஒன்றுக்காகக் கத்துங்கள். புரியாத ஜோக்குக்குப் பொய்யாகச் சிரிக்காதீர்கள். என்ன என்று கேளுங்கள், அதை விளக்குவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. இருபது வருடம் இங்கேயே இருப்பார்கள், விடிய விடிய ஐபிஎல் பார்ப்பார்கள், பேஸ்பால் என்றால் "அது கிட்டிப்புள்" என்று தள்ளிவிடுவார்கள். அப்புறம் ஆபீஸில் யாரும் ஒட்டமாட்டேன் என்கிறார்கள் என்று குறை சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

யூக்கர் 2025 ஜனவரியில், தொண்ணூறு வயதில் போய்விட்டார். செய்தி கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவர் நடித்த ஒரு விளம்பரத்தில், முன்வரிசைக்குத்தான் அழைத்துப் போகிறார்கள் என்று நம்பி எழுந்து போனவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதை வைத்தே 2014இல் மைதானத்தின் மேல்தளத்தில், ஆகக் கடைசி வரிசையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு இருக்கை காலியாக இருக்கும். உங்கள் ஆபீஸ் ஆட்களையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய், அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.