1902 என்று போட்டிருந்தால் முதல் பதிப்பா?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் கதை, சின்ன ஆங்கிலப் புத்தகம், கண்ணில் பட்டது. உள்ளே 1902 என்று இருக்கிறது. முதல் பதிப்பு என்று கடைக்காரர் பெரிய விலை சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த எண்ணை வைத்து மட்டும் பணத்தை எடுக்காதீர்கள். 1902 பதிப்புரிமை ஆண்டு. பிறகு வந்த அச்சுகளிலும் அது தொடர்ந்தது.

முதலில் அட்டையின் உட்பக்கத் தாளைப் பாருங்கள். அதில் பாட்டரின் விலங்குகள் வண்ணத்தில் இருந்தால், புத்தகம் 1903க்கு முந்தையதல்ல. அந்தப் படத்தாளுக்கு இடம் வேண்டி, இதை வெளியிட்ட ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் உள்ளிருந்த 31 படங்களில் நான்கை எடுத்துவிட்டது. போனவற்றில் ஒன்று, கதையில் வரும் தோட்டக்காரர் மெக்ரெகரின் மனைவி முயல்கறிப் பலகாரத்தோடு நிற்கும் படம். அது இருந்தால் நல்ல அறிகுறிதான். ஆனால் 2002 நூற்றாண்டுப் பதிப்பில் அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிற்காலப் பதிப்பு, பேச்சே வேண்டாம்.

அடுத்து 51ஆம் பக்கம். வலையில் சிக்கிய பீட்டர் கண்ணீர் விடும் இடத்தில் முதலில் 'வெப்ட்' (wept) என்றிருந்தது, பிறகு 'ஷெட்' (shed) ஆனது. 'ஷெட்' என்றிருந்தால் பிந்தைய அச்சு. 'வெப்ட்' என்றிருந்தாலும் அது மட்டும் போதாது, முதல் அச்சை அடுத்து வந்த சில அச்சுகளிலும் அந்தச் சொல் உண்டு.

அமெரிக்காவில் வார்ன் உரிமையைப் பதிவு செய்யத் தவறியதால் அங்கே திருட்டுப் பதிப்புகள் கிளம்பின. பதிப்பாளர் பெயர் வேறாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மையில் வார்ன் பதிப்புக்கும் முந்தையது ஒன்று உண்டு. 1893 செப்டம்பரில், தன் பழைய ஆசிரியையின் நோயுற்ற மகன் நோயலுக்குப் பாட்டர் எழுதிய படக்கடிதம்தான் இந்தக் கதையின் தொடக்கம். பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார். முகப்புப் படம் தவிர எல்லாம் கறுப்பு வெள்ளை, புத்தகத்தின் முதுகு தட்டை. 1902 பிப்ரவரியில் போட்ட அடுத்த 200 பிரதிகளில் முதுகு வளைந்திருக்கும். 1902 அக்டோபரில் வார்ன் வண்ணத்தில் போட்டது 8,000 பிரதி. பெரும்பாலும் குழந்தைகள் கையில் புழங்கியவை. அழுக்கும் கிழிசலும் சகஜம். பளிச்சென்று இருப்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

வாங்கினால் கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள்; பசை சில வருடங்களில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். படங்கள் வழவழப்புத் தாளில் அச்சானவை, ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம்.