எஸ்டோனிய அடையாள அட்டையும் உங்கள் சர்வரும்

தம்பி, எஸ்டோனியத் தலைநகர் தாலினில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் பொறுப்பாக ஒரு சர்வரை ஒப்படைத்திருக்கிறார்கள், கடவுச்சொல்லே இல்லாமல் அடையாள அட்டையைச் செருகி ஊழியர்கள் உள்ளே நுழையும்படி அதை அமைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கே தொடங்குவது, உங்களுக்கே அந்த அட்டை தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அட்டை கட்டாயம் தேவை. இங்குள்ள காவல் மற்றும் எல்லைக் காவல் வாரியம் உங்களுக்குத் தரும் வசிப்பு அனுமதி அட்டையிலேயே அந்தச் சிப் இருக்கிறது. கூடவே வரும் உறையில் மூன்று எண்கள் இருக்கும். குறைந்தது 4 இலக்கம் கொண்ட முதல் பின் எண் இணையதளங்களில் நுழைவதற்கு. குறைந்தது 5 இலக்கம் கொண்ட இரண்டாவது பின் எண் கையெழுத்துப் போடுவதற்கு. அதை அழுத்திப் போடும் கையெழுத்து, பேனாவால் போட்டதற்குச் சட்டப்படி சமம். எந்தப் பின் எண்ணையும் மூன்று முறை தவறாக அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க மூன்றாவதாக உள்ள 8 இலக்க பி.யூ.கே. எண் வேண்டும், ஆகவே உறையைத் தொலைத்துவிடாதீர்கள். வெறும் உள்நுழைவுக்கு ஒரு பக்கம் இரண்டாவது பின் எண்ணைக் கேட்டால், யோசிக்காமல் அட்டையை உருவிவிடுங்கள்.

இனி சர்வர். சிப்பின் உள்ளே இருக்கும் அந்தரங்கச் சாவி ஒருபோதும் வெளியே வராது. சர்வர் அனுப்பும் தரவில் சிப் உள்ளேயே கையெழுத்திட்டு அனுப்புகிறது. அட்டையில் ஒரு சான்றிதழும் இருக்கிறது; உரியவரின் பெயர், எண், அந்தரங்கச் சாவிக்கு இணையான பொதுச் சாவி ஆகியவை அடங்கிய மின்ஆவணம் அது. சிப் போட்ட கையெழுத்தை அந்தப் பொதுச் சாவியால் சர்வர் சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார்க்க, நம்பத்தக்க வழங்குநர்களின் சான்றிதழ்களை ஒரு கோப்பில் வைக்க வேண்டும். உங்கள் வலைச் சர்வர் மென்பொருள் அப்பாச்சியானாலும் எஞ்சின்எக்ஸானாலும் இதற்கென்று ஓர் அமைப்புவரி உண்டு. பலரும் சோம்பல்பட்டு, இயங்குதளத்தோடு வரும் மொத்தத் தொகுப்பையும் அங்கே காட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உலகில் ஏதோ ஒரு நிறுவனம் வழங்கிய சான்றிதழும் உங்கள் வாசலில் செல்லுபடியாகிவிடும். எஸ்டோனிய அட்டைகளுக்கான மூலச் சான்றிதழும் இடைநிலைச் சான்றிதழும் மட்டும் அந்தக் கோப்பில் இருக்கட்டும். மூலம் இடைநிலைக்கும், இடைநிலை அட்டைக்கும் உத்தரவாதம் தரும் இந்த வரிசையைத்தான் சங்கிலி என்கிறோம். அட்டைத் தலைமுறை மாறும்போது இடைநிலைச் சான்றிதழும் மாறும். பழையதும் புதியதும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கும். சோதனை அட்டைகளுக்கென்று தனிச் சங்கிலி இருக்கிறது. அது சோதனை சர்வரைத் தாண்டி வரவே கூடாது.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த படியைத்தான். சங்கிலி சரியாக இருக்கிறது என்று சர்வர் சொன்னால், வந்திருப்பவர் இன்னார் என்பது மட்டுமே உறுதியாகிறது. அவர் உள்ளே வரலாமா என்பது வேறு கேள்வி. எஸ்டோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம். முதல் சோதனையோடு வேலையை முடித்துக்கொண்டால், நாட்டில் அட்டை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் திறந்தே கிடக்கும். சான்றிதழில் உள்ள 11 இலக்கத் தனிநபர் எண்ணை எடுத்து, அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறும். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சான்றிதழில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தால், அட்டையிலும் அப்பாதான் முன்னால் நிற்பார். தனிநபர் எண்ணில் இந்தக் குழப்பம் கிடையாது. முதல் இலக்கம் பாலினத்தையும் பிறந்த நூற்றாண்டையும் சொல்லும், அடுத்த ஆறும் பிறந்த தேதி, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. இங்கே அந்த எண்ணை யாரும் ரகசியமாகக் கருதுவதில்லை. அதனால் அது தெரிந்தவர் என்பதற்காக மட்டும் எவரையும் நம்பிவிடக் கூடாது.

அட்டை தொலைந்தால் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்துச் சான்றிதழை முடக்கிவிடலாம். ஆனால் முடக்கம் நடந்ததை உங்கள் சர்வர் தானாக அறியாது. ஒவ்வொரு நுழைவின்போதும், சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று ஓ.சி.எஸ்.பி. என்ற நெறிமுறை வழியாக வழங்குநரிடம் கேட்க வேண்டும். எஞ்சின்எக்ஸில் 1.19 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் நாம் இயக்காதவரை அணைந்தே இருக்கும். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று மேலாளர் கேட்பார். உள்ளே விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 2017-இல் நடந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அட்டைச் சிப்பில் சாவி உருவாக்கும் முறையில் ஒரு குறை இருப்பதைச் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று சுமார் 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை அரசு முடக்கியது. மக்கள் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் அட்டை மறுபடி வேலை செய்தது. கைப்பேசியின் சிம்மில் சாவி வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் சிரமமின்றி இருந்தார்கள். ஆகவே அட்டையோடு, சிம்மில் இயங்கும் மொபைல்-ஐடி அல்லது கைப்பேசிச் செயலியான ஸ்மார்ட்-ஐடி வழியையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

உங்கள் சர்வருக்கு முன்னால், வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உலாவியோடு உள்ள மறையாக்க இணைப்பான டி.எல்.எஸ். அங்கேயே முடிந்துவிட்டால், சான்றிதழ் விவரம் கோரிக்கையின் தலைப்பில் ஒரு வரியாக, அதாவது ஹெடராகத்தான், உள்ளே வரும். வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெடரை லோட் பேலன்சர் முதலில் அழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அட்டையே இல்லாத ஒருவர், இயக்குநரின் தனிநபர் எண்ணை அந்த ஹெடரில் எழுதி அனுப்பி இயக்குநராகவே நுழைந்துவிடுவார். தளத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் சான்றிதழ் கேட்கும் பழைய முறையும் இனி உதவாது. டி.எல்.எஸ். 1.3 பதிப்பில், இணைப்பு தொடங்கிய பின் நடுவழியில் அதன் விதிகளை மறுபடி பேசி மாற்ற வழி கிடையாது. உள்நுழைவுக்குத் தனி முகவரி வைக்க வேண்டியிருக்கும். 1.2-க்கு இறங்கிப் போகவும் வேண்டாம், அதில் பயனரின் சான்றிதழ் மறையாக்கம் இல்லாமல் போகிறது.

இவ்வளவும் படித்த பின் மலைப்பாக இருந்தால், உலாவி நீட்சி வழியாக அட்டையைப் பயன்படுத்தும் வெப்-ஈஐடி முறையை மேலாளரிடம் பரிந்துரையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். சர்வர் ஒருமுறை மட்டும் பயன்படும் எண் ஒன்றைத் தருகிறது. அட்டை, அந்த எண்ணோடு தளத்தின் முகவரியையும் சேர்த்துக் கையெழுத்திடுகிறது. போலித் தளம் அந்தக் கையெழுத்தைப் பிடித்தாலும் உங்கள் தளத்தில் அது செல்லாது. லோட் பேலன்சர் தொல்லையும் இல்லை, சரிபார்ப்பு முழுவதும் பயன்பாட்டுக்குள்ளேயே நடக்கும். ஜாவா, டாட்நெட், பிஎச்பி மூன்றுக்கும் நூலகங்கள் திறந்த மூலத்தில் கிடைக்கின்றன.

எந்த வழியில் போனாலும், ஒப்படைக்கும் முன் சரியான அட்டையோடு நிறுத்தாமல், முடக்கப்பட்ட சோதனை அட்டை ஒன்றையும், பட்டியலில் இல்லாத ஒருவரின் நல்ல அட்டையையும் செருகிப் பாருங்கள். இரண்டுக்கும் கதவு திறக்கக் கூடாது. பதிவேட்டில் இரண்டுக்கும் வெவ்வேறு காரணம் எழுதியிருக்க வேண்டும். ஒரே காரணம் எழுதியிருந்தால் அந்தப் பதிவை அப்படியே எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.