எத்தனால் ஏன் 95.6 சதவீதத்தைத் தாண்ட மறுக்கிறது?

கேள்வி: ஆய்வகத்தில் எத்தனாலையும் தண்ணீரையும் பின்னக் காய்ச்சி வடித்தல் முறையில் பிரித்துப் பார்த்தோம். மூன்று முறை வடித்தும் எடையளவில் 95 சதவீதத்தோடு நின்றுவிட்டது. இன்னும் உயரமான கலன் வைத்தால் முழுத் தூய்மை கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் கலனிலும் குறையில்லை, கைப்பழக்கத்திலும் குறையில்லை. நான் சர்க்கரை ஆலையை ஒட்டிய ஒரு டிஸ்டிலரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் கோபுரங்கள் பல மாடி உயரம். அவற்றாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

வடித்தல் ஒரே ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது: கொதிக்கும் திரவத்தில் இருப்பதைவிட மேலெழும் ஆவியில் ஆல்கஹால் (அதாவது எத்தனால்) அதிகம். 10 சதவீதக் கலவையைக் கொதிக்க வைத்தால் முதலில் வரும் ஆவியில் ஏறக்குறைய பாதி ஆல்கஹால் இருக்கும். எவ்வளவு பெரிய தாவல் பாருங்கள்! ஆனால் செறிவு ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கும். எடையில் 95.6 சதவீதம் வரும்போது, 78.2 டிகிரியில், ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். இதைத்தான் பாடப்புத்தகத்தில் கொதிநிலை மாறாக் கலவை என்று படித்திருப்பீர்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் கோபுரத்துக்குள் ஆவியும் திரவமும் சந்திக்கும் தட்டுகளை நூறு வைத்தாலும் பிரிக்க எதுவும் மிச்சமில்லை.

காரணம் மூலக்கூறுகளின் உறவில் இருக்கிறது. எத்தனாலின் கார்பன் வால் தண்ணீரோடு ஒட்டாது. கலந்து இருக்கும்போது இரண்டுமே ரௌலட் விதி (கலவையில் ஒரு பொருளின் பங்குக்கு ஏற்பவே அதன் ஆவியழுத்தம் இருக்கும் என்ற விதி) சொல்வதைவிட எளிதாக ஆவியாகின்றன. அதனால்தான் இந்தக் கலவை தூய எத்தனாலின் 78.4 டிகிரிக்கும் கொஞ்சம் கீழேயே கொதிக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: இந்தத் தடை அந்த ஒரு புள்ளியில் மட்டும்தான். எப்படியாவது 98 சதவீதத்துக்குப் போய்விட்டால் வடித்தல் மறுபடி வேலை செய்யும். அப்போது 95.6 கலவை மேலே போகும், தூய எத்தனால் அடியில் தங்கும். ஆக, அந்தப் புள்ளியைத் தாண்டுவதற்குத்தான் வேறு வழி வேண்டும்.

1902இல் சிட்னி யங் பென்சீனைச் சேர்த்தார். பென்சீன், எத்தனால், தண்ணீர் மூன்றும் சேர்ந்து 64.9 டிகிரியிலேயே கொதித்துத் தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். குளிர வைத்தால் அது இரண்டு அடுக்காகப் பிரியும். அழகான யோசனை. ஆனால் பென்சீன் புற்றுநோய் தரும் பொருள் என்பதால் பின்னாளில் சைக்ளோஹெக்சேன் அதன் இடத்துக்கு வந்தது. அழுத்தத்தை நன்றாகக் குறைத்தாலும் தடைப்புள்ளி மறையும், செலவுதான் கட்டுப்படியாகாது.

இப்போது எங்களிடம் இருப்பது மூலக்கூறு சல்லடை. 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துளை கொண்ட சியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள். தண்ணீர் மூலக்கூறு உள்ளே நுழையும், எத்தனால் நுழையாது. இரண்டு தொட்டிகள்: ஒன்று ஆவியிலிருந்து நீரை உறிஞ்சும்போது மற்றொன்று வெற்றிடத்தில் நீரைக் கக்கிக் காயும். புது மணிகள் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குவளை சுடும். அவ்வளவு ஆசை அவற்றுக்குத் தண்ணீர் மேல். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை 99.5 சதவீதத்துக்குக் கொண்டுபோவது இந்த மணிகள்தான். நீர் அதிகமிருந்தால் பெட்ரோல் தனி அடுக்காகப் பிரிந்துவிடும் என்பதால் இதில் சமரசமே கிடையாது.

சரி, உங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். அந்த 95 சதவீதத்தை, நீரைப் பிடித்துக்கொள்ளும் புதிதாகச் சுட்ட சுண்ணாம்போடு சில மணி நேரம் மீள்கொதிக்க வைத்து (எழும் ஆவியைக் குளிர்வித்து அதே குடுவைக்குத் திரும்ப விழவிட்டு), அப்புறம் வடியுங்கள். திறந்த தீ வேண்டாம், நீர்த்தொட்டிச் சூடு போதும். திரவம் சேரும் குடுவையின் வாயில் கால்சியம் குளோரைடு குழாய் பொருத்துங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே வந்துவிடும். கடைசியில் நீரற்ற காப்பர் சல்பேட்டின் வெள்ளைத் தூளில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். இதுவரை வடித்ததில் தூள் நீலமாகியிருக்கும். இம்முறை வெள்ளையாகவே கிடக்க வேண்டும்.