விலங்கைப் பார்க்காத வனவிலங்கு வேலை

தம்பி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முடித்துவிட்டு, இன்னொரு முதுகலைக்காக எடின்பரோ வந்திருக்கிறீர்கள். வனவிலங்குக் குற்றங்களை ஆராயும் டிஎன்ஏ ஆய்வகத்தில் சேர முடியுமா, சேர்ந்தால் அங்கே வாழ்க்கை எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே அப்படி ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கும் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம்தான். இப்போது லீவில் வீட்டுக்கு வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோடியக்கரையில் வெளிமான் கணக்கெடுத்ததையும், பூநாரை பார்க்க விடியற்காலையில் காத்துக் கிடந்ததையும் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஆசையோடு ஆய்வகத்துக்கு வந்தால் முதல் மாதமே மனசு விட்டுப்போகும். இங்கே விலங்கு வராது, சீல் வைத்த கவர்தான் வரும். உள்ளே உறைந்த இறைச்சித் துண்டு, கத்தியில் காய்ந்த ரத்தம், நாலு முடி, ஓர் இறகு. கவரைப் பிரிக்கும் முன் சீல் எண்ணைச் சரிபார்த்து, படம் எடுத்து, யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் நாளில் பாதி இந்த எழுத்து வேலையிலேயே போய்விடும். இதில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால், டிஎன்ஏ முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கை வைப்பார்.

அதைவிடக் கஷ்டம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது. நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். வேதாரண்யம் பக்கம் கடல் அட்டை பிடிபட்ட செய்தி நிறையப் படித்திருப்பீர்கள். வேகவைத்துக் காயவைத்தபின் எல்லாம் கரிக்கட்டை மாதிரி ஆகிவிடும், கண்ணால் இனம் பிரிப்பது சிரமம். இந்தியாவில் 2001-இல் கடல் அட்டை இனங்கள் மொத்தத்துக்கும் தடை வந்தது. அதனால் நம் கோர்ட்டுக்கு இது கடல் அட்டையா இல்லையா என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அதையே லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலோ, 2020-இல் முதலில் ஏறியவை டீட்ஃபிஷ் எனப்படும் மூன்று இனங்கள்தான். ஆக, பிரிட்டனில் ஏர்போர்ட்டில் ஒரு மூட்டை பிடிபட்டால் எந்த இனம் என்று சொல்லியே ஆக வேண்டும். வெந்த சரக்கில் டிஎன்ஏ உடைந்து கிடக்கும். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நிறையப் பிரதிகள் இருப்பதால், அதில் சின்னத் துண்டுகளைப் பெருக்கிப் படிக்கிறோம். அப்படிப் பாடுபட்டு இனத்தைக் கண்டுபிடித்தாலும், நீரிணையின் எந்தப் பக்கம் பிடித்தார்கள், எப்போது, யார் என்பதையெல்லாம் அதை வைத்துச் சொல்ல முடியாது. தெரிந்த மாதிரி ஒரு வரி எழுதிவிட்டால் அறிக்கை முழுவதும் போச்சு.

சில வழக்கில் இனம் தெரிந்தால் போதாது, எந்தக் குடும்பம் என்றே சொல்லலாம். ஸ்காட்லாந்தில் பாறைக் கூடுகளிலிருந்து பைரி என்ற வேட்டைப் பறவையின் குஞ்சுகளைத் திருடி, வளர்ப்புப் பறவைக்குப் பிறந்தவை என்று கணக்குக் காட்டி வளைகுடாப் பக்கம் விற்றார்கள். குஞ்சுகளின் டிஎன்ஏ காட்டுப் பறவைகளோடு பொருந்தியது. 2024-இல் தண்டனையும் வந்தது. இதெல்லாம் ஒப்பிட நம்பகமான மாதிரி இருந்தால்தான் நடக்கும். பொதுத் தரவுத்தளங்களில் இனம் மாற்றிப் பெயரிட்ட டிஎன்ஏ வரிசைகளும் உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், இனம் தெரிந்தவர் எடுத்த மாதிரிக்கு மதிப்பே தனி. சேற்றில் நின்று பழகிய உங்களைப் போன்றவர்கள் ஆய்வகத்துக்கு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது பைப்பெட் பிடிப்பதில் இல்லை. பெரியவர்களிடம் "இது தப்பு" என்று சொல்வதில்தான். ஊரில் சார் சொன்னால் சரி. இங்கே ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் முதலிலிருந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அறிக்கை வெளியே போகும். நான் புதிதாக இருந்தபோது ஒரு சீனியர் அம்மாவின் வேலையைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். மாதிரியே சேர்க்காத நெகட்டிவ் கன்ட்ரோலில் லேசாக ஒரு பட்டை தெரிந்தது. வாய் வரவில்லை எனக்கு. ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார், "நல்ல வேளை பார்த்தாய்" என்றார், அந்த பேட்ச் முழுவதையும் தூக்கிப் போட்டார். படித்துப் பார்த்தால் மாட்டு டிஎன்ஏ. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையில் சேர்க்கும் அல்புமின் என்ற புரதம் மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது, அதிலேயே ஒட்டிக்கொண்டு வருமாம். அன்றைக்குத்தான் எடின்பரோவிலேயே இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

நடக்கிற வழக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. தமிழ் நண்பர்கள் கூடும்போது ஐடிக்காரர்கள் ப்ராஜெக்ட் பேசுவார்கள், நாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது பழகிவிடும். ஊருக்கு வந்தால் வேறு மாதிரி. போன வாரம் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா முறையாகும் ஒருவர் சங்கிலியில் கோத்த புலிநகத்தைக் காட்டி "அசலா பாரும்மா" என்றார். மாட்டுக்கொம்பில் செய்த போலிகள் நிறைய உண்டு. அசலாக இருந்தால் அதைவிட வம்பு, உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் கொடுத்துவிடச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அசல் நகம் என்றால் ஒரு புலி செத்திருக்கிறது, அதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டுமே.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். குளிரைக் கோட்டு பார்த்துக்கொள்ளும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதுதான் நம் உடம்புக்கு ஆகாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் வெளியே நடங்கள்.

அப்புறம் வேலை. இதற்கென்றே உள்ள ஆய்வகங்கள் உலகத்திலேயே குறைவு: அமெரிக்காவில் ஆஷ்லாந்து, எடின்பரோ ஓரத்தில் ஸ்காட்லாந்து அரசின் சாசா, நம் நாட்டில் ஹைதராபாத் லாக்கோன்ஸ், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், இப்படிச் சில. இடம் எப்போதாவதுதான் காலியாகும். இதையே நம்பி விசா நாளை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். உணவுக் கலப்படம் பார்க்கும் ஆய்வகங்களில் முதலில் நுழையப் பாருங்கள். 2013-இல் மாட்டுக்கறி பர்கரில் குதிரைக்கறி இருந்ததை டிஎன்ஏ சோதனைதான் காட்டிக்கொடுத்தது, அடிப்படை ஒன்றுதான். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் தடய ஆய்வகத்தில் நிச்சயம் கவனிப்பார்கள். ரெஸ்யூமேயில் கோடியக்கரை களப்பணியைக் கடைசி வரியில் போடாமல் மேலே கொண்டுவாருங்கள். அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், ஊரிலிருந்து கிளம்புவதற்குள் திருத்தித் தருகிறேன்.