வேலையை விடாமல் உள்முகமாகத் திரும்ப முடியுமா? ரமணர் நெறி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வங்கியில் அதிகாரியாக இருக்கிறேன். ரமணர் வீட்டைத் துறந்த வரலாற்றைப் படித்ததிலிருந்து வேலை கசக்கிறது. நானும் விட்டுவிடலாமா ஐயா?

பதில்: விட வேண்டாம் என்றே சொல்வேன். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமனுக்கு (ரமண மகரிஷியின் இயற்பெயர் அது) வயது 16. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, திடீரென்று எழுந்த மரண பயத்தின் வழியாக, அவருக்குள் நிகழ வேண்டிய ஆன்ம விழிப்பு நிகழ்ந்து முடிந்திருந்தது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தரப்பட்ட 5 ரூபாயில், பயணத்துக்குப் போதும் என்று கருதிய 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்து, கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் அதில் எழுதிவிட்டுத்தான் அவர் போனார். துறவைப் பற்றிப் பேசுவோர் அந்த நேர்மையை முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் இல்லறத்தை விட அனுமதி கேட்டு வந்தவர்களை அவர் பொதுவாக ஊக்குவிக்கவில்லை. எங்கே போனாலும் மனமும் கூடவே வரும் என்று விளக்கினார். வேலை கசப்பது வைராக்கியமாகத்தான், அதாவது உண்மையான பற்றின்மையாகத்தான், இருக்க வேண்டும் என்பதில்லை, வெறும் சலிப்பாகவும் இருக்கலாம்.

கேள்வி: வேலையும் இருக்கட்டும் என்றால், ஆன்ம நலனுக்கு முதலிடம் தருகிறோமா என்பதை எப்படி அறிவது?

பதில்: இரண்டும் மோதும்போது தெரிந்துவிடும். பதவி உயர்வு வேண்டுமானால் பொய்க் கணக்கில் கையெழுத்திட வேண்டும் என்ற நிலை வந்தால், எதை இழக்கச் சம்மதிக்கிறீர்கள் என்று பாருங்கள். மோதாத நாட்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். 1902இல் ரமணரிடம் ‘நான் யார்’ என்று கேட்டு, எழுத்தில் விடை பெற்ற சிவப்பிரகாசம் பிள்ளை அப்போது வருவாய்த் துறை ஊழியர். பின்னாளில் அவர் வேலையை விட்டார் என்றாலும், அந்தக் கேள்வி உத்தியோகத்தின் நடுவில்தான் எழுந்தது.

கேள்வி: வியாபாரத்தில் லாபம் பெருகினால் ஆன்மிகம் குறையுமா?

பதில்: குறையாது. லாபம் போய்விட்டால் நானே இல்லை என்ற எண்ணம்தான் தடை.

கேள்வி: சமையல், பிள்ளைகள் என்று நாள் முழுவதும் ஓடுகிறது. தியானத்துக்கு நேரமே இல்லை.

பதில்: ரமணரே பல ஆண்டுகள் விடியலுக்கு முன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கியவர், அம்மா. காலையில் சிறிது நேரம் ஒதுக்குங்கள். பிறகு வேலைகளுக்கு இடையே எரிச்சலோ பதற்றமோ எழும்போது, இது யாருக்கு எழுகிறது என்று உள்ளே கேட்டுப் பாருங்கள். அவர் காட்டிய ‘நான் யார்’ என்ற விசாரத்துக்கு, அந்த உள் ஆராய்ச்சிக்கு, தனி அறை தேவையில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் பாடங்களை ஒதுக்கிவிட்டுத் தியானத்திலேயே இருக்கிறான். தடுப்பது பாவமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 1898இல் ரமணரின் தாயார் அழகம்மாளும் திருவண்ணாமலைக்கு வந்து மகனை அழுது அழைத்தார், அவர் திரும்பவில்லை. 1916இல் தாயே வந்து அவருடன் தங்கி, 1922இல் மகனின் கை தம்மீது இருக்க உயிர் நீத்தார். ஆனால், உங்கள் மகனின் நிலையும் ரமணரின் நிலைதான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவன் உண்கிறானா, உறங்குகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா, தேர்வுக்கு அஞ்சி ஒதுங்குகிறானா என்று கடிந்துகொள்ளாமல் விசாரியுங்கள். ஒடுங்கிப்போயிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.